கோடியக்கரைக்குப் போகிற வண்டி

பல்கீஸிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் மட்டும் அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அவர் பெயர் அடைக்கலம்.

புதுக்கோட்டை மச்சுவாடியில் பேட்டரி சைக்கிள் பழுது பார்க்கும் கடை பல்கீஸினுடையது. ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வாய்ப்பழக்கமாகக் கூப்பிட்டார்கள். அடைக்கலம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கூப்பிட்டார்.

"கையைப் பிரிங்கண்ணே. ஸ்பேனர் பிடிக்கக் கை வேணும்" என்பார் மாஸ்டர்.

அடைக்கலம் பொதுப்பணித் துறையில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்து, ஐம்பத்தைந்தாம் வயதில் தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர். எட்டு மாதத்துக்கு முன் முதல்முறை கடைக்கு வந்தபோது அவருடைய பேட்டரி சைக்கிளில் எந்தப் பழுதும் இல்லை. டயரில் தூசிகூட இல்லை.

"எனக்கு இந்த வண்டி வேலை எல்லாம் கத்துக்கொடுங்க மாஸ்டர். வழியில நின்னுட்டா நானே பார்த்துக்கணும்."

"எங்க போறீங்க?"

"கோடியக்கரை. நூத்தம்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும்."

"எப்பப் போறீங்க?"

"கத்துக்கிட்டதும்."

வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். பிரேக் கட்டை மாற்றக் கற்றுக்கொண்டார். மோட்டார் உள்ள பின்சக்கரத்தை, வயரை அறுக்காமல் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார். மழைத் தண்ணீர் இறங்கிய இணைப்புகளைத் துடைத்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டார். வரைபடக்காரர் கை அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது.

ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இது போதுமா மாஸ்டர்? கிளம்பிரலாமா?"

"கிளம்புங்கண்ணே."

"ஸ்போக் கோட்டம் எடுக்கிறதை மட்டும் கத்துக்கிட்டுக் கிளம்பிர்றேன்."

மாஸ்டர் ஒரு சக்கரத்தை எடுத்து வைப்பார். ஸ்போக் கோட்டம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார்.

*

கோடியக்கரையில் பக்கிரிசாமி இருந்தான்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வரைந்தவர்கள். பக்கிரிசாமிக்கு வனத்துறையில் காவலர் வேலை கிடைத்தது. அதுவும் சொந்த ஊரான கோடியக்கரையிலேயே. மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவோம் என்றான். அடைக்கலம் கூடப் போய் விட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் மிதித்தார்கள்.

வழி தெரிந்தவன் என்பதால் பக்கிரிசாமி முன்னால் போனான். லாரிகள் வருகிற சாலை. தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்னால் போகிறவன் இரண்டு முறை மணியடித்தால், வர்றியா என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஒரு முறை அடித்தால், வர்றேன் என்று அர்த்தம். புளியமர நிழலிலும் உப்பங்காற்றிலும் இரண்டு நாளும் அந்தப் பேச்சு மட்டுமே நடந்தது. அதைப்போல் ஒரு பேச்சு பிற்பாடு வாழ்க்கையில் யாரோடும் நடக்கவில்லை என்று அடைக்கலம் அடிக்கடி நினைத்துக்கொள்வார்; கடையில் வேலை பழகும்போது மாஸ்டரிடமும் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது அவர் தனியாக மிதித்தார். முத்துப்பேட்டை தாண்டி ஓரிடத்தில், யாரும் கேட்காமலே, ஒரு முறை மணியடித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகு போகவே இல்லை. போகவேண்டும் என்று இருந்தார். கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று வருடங்கள் ஓடின. ஆறு வருடங்களுக்கு முன் பக்கிரிசாமியின் மனைவி இறந்த செய்தி வந்தது. நாளை கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று இருந்ததில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அதன்பிறகு எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டார்.

போன வருடத்துக்கு முந்தின புரட்டாசியில் பக்கிரிசாமியிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது.

"வலது கண் போயாச்சு. இடதுகண் கொஞ்சம் மிச்சம். அது இருக்கும்போதே வந்து உன் மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போ. சைக்கிளில் வா. பஸ்ஸில் வந்தால் கதவு திறக்காது. போனும் பண்ணாதே. பேசிவிட்டால் நீ வரமாட்டாய்."

அடைக்கலம் அந்தக் கார்டை எத்தனை முறை படித்தாரோ. முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. மிதித்துப் போக முடியாது. ஐப்பசியில் பேட்டரி சைக்கிள் வாங்கினார். பின்னால் தொங்கவிட இரண்டு பைகள் வாங்கினார். ஒன்றில் மழைக்கோட்டு, டியூப், பஞ்சர் சாமான். மற்றதில் இரண்டு செட் துணி. வீட்டு வராந்தாவில் வண்டியை நிறுத்திச் சார்ஜரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு அணையவே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை என்று நின்றார். தையில் முழங்காலுக்கு எண்ணெய் வைத்தியம். பங்குனியில் வெயில். பிறகு, வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. மாஸ்டரிடம் வந்தார். மறுபடி ஐப்பசி வந்தது.

இடையில் இரண்டாவது கார்டு வந்தது. எழுத்துகள் பெரிதாக, வரி மேலும் கீழுமாக ஓடியது. "பூநாரை வந்தாச்சு. நீ?"

அன்று இரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் எழுந்து பைகளில் இருந்த துணியை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

"வண்டிக்குப் பால் காய்ச்சி ஊத்தலையா?" என்று கேட்டாள் அவர் மனைவி கோகிலம்.

*

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அடைக்கலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

கடையில் இடியாப்பம் விற்கிற சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். அவரிடமும் பேட்டரி சைக்கிள்தான். அதே கம்பெனி, வாங்கியதும் அதே ஐப்பசி. விடியற்காலையில் அலுமினியக் குண்டானைப் பின்னால் கட்டிக்கொண்டு நகரம் முழுக்கச் சுற்றுவார். அவர் வண்டியில் பெயின்ட் உரியாத இடமில்லை.

"என்ன சார், பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க? இன்னும் புகுந்த வீட்டுக்கு அனுப்பலையா?" என்றார் சவரிமுத்து.

அடைக்கலம் சிரிக்கவில்லை. "மாஸ்டர், நேத்து சும்மா ஓட்டிப் பார்த்தேன். கீரனூர் போய்த் திரும்பலாம்னு போனேன். முப்பத்தஞ்சு கிலோமீட்டர்ல நின்னுபோச்சு. வாங்கினப்ப அறுபது ஓடினது."

"வாங்கினதுக்கப்புறம் எத்தனை நாள் ஓட்டினீங்க?"

"அஞ்சாறு நாள் இருக்கும்."

"சார்ஜ்?"

"அதுல ஒரு குறையும் வைக்கலை. ஒரு நாள்கூட நூறுக்குக் கீழ இறங்க விட்டதில்லை."

மாஸ்டர் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "முதல் நாளே சொன்னேனேண்ணே. ஓட்டாத நாள்ல பாதி வைங்க, கிளம்புற அன்னிக்கு முழுசா போடுங்கன்னு."

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"என்னைக்குக் கிளம்புவேன்னு எனக்கே தெரியாதே மாஸ்டர். ராத்திரி படுத்துக்கிட்டிருக்கிறப்ப, நாளைக்குக் கிளம்பிடுவோம்னு தோணும். அப்பப் பாதியில இருந்தா?"

மாஸ்டர் அடைக்கலத்தின் பேட்டரியைக் கழற்றினார். சவரிமுத்துவின் பேட்டரியையும் கழற்றினார். இரண்டையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சுவரோரம் சாய்த்திருந்த பலகைகளில் ஆளுக்கொன்றாக இணைத்தார். ஒவ்வொரு பலகையிலும் மூன்று கார் பல்புகள். ஆறும் எரிந்தன.

"எது முன்னாடி அணையுதுன்னு பார்ப்போம்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அடைக்கலத்தின் பல்புகள் மஞ்சளாகி, சிவந்து, அணைந்தன. சவரிமுத்துவின் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. சவரிமுத்து டீ குடித்துவிட்டு வந்தார், இன்னொரு டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் எரிந்துகொண்டிருந்தன.

அடைக்கலம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், அவரு வண்டி தினம் நாப்பது கிலோமீட்டர் ஓடுது. குண்டு குழியில விழுது. மழையில நனையுது. என் வண்டி வீட்டைவிட்டு இறங்கினதே அஞ்சாறு நாள்தான். ஒரு வேலையும் செய்யாத பேட்டரி எப்படித் தேஞ்சு போகும்?"

மாஸ்டர் சவரிமுத்துவின் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க."

அடைக்கலம் எடுத்தார்.

"என்கிட்ட நீட்டிப் பிடிங்க. கையை மடக்காதீங்க. நான் கேட்டதும் கையில இருக்கணும்."

அடைக்கலம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் பிரேக் கம்பியை இறுக்கினார். சங்கிலியைச் சுற்றிப் பார்த்தார். செயினில் சிக்கியிருந்த இடியாப்பத் துணுக்கு ஒன்றை எடுத்துச் சவரிமுத்துவிடம் காட்டினார். "மாஸ்டர், அது நேத்தையது, சாப்பிடாதீங்க" என்றார் சவரிமுத்து. மாஸ்டர் டயரில் குத்தியிருந்த முள்ளை இடுக்கியால் பிடுங்கினார். ஸ்பேனரைக் கேட்கவே இல்லை.

ஐந்து நிமிடத்தில் அடைக்கலத்தின் தோள் வலித்தது. ஏழு நிமிடத்தில் மணிக்கட்டு நடுங்கியது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை இறங்கிக் கண்ணுக்குள் போனது. பத்தாவது நிமிடம் ஸ்பேனர் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கேக்கவே இல்லையே மாஸ்டர்."

"கேக்கலை."

"எப்பக் கேப்பீங்களோன்னு…"

"ஒரு நட்டைக்கூடக் கழட்டலையேண்ணே. கை ஏன் இப்படி நடுங்குது?"

அடைக்கலம் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சவரிமுத்து தன் வண்டியை நிமிர்த்தி, பேட்டரியை மாட்டிக்கொண்டு, "மத்தியானம் மாவு பிசையணும்" என்று கிளம்பிப் போனார்.

*

கடையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"புது பேட்டரி போட்டுடலாமா மாஸ்டர்?"

"போடலாம். சொல்லிவிட்டா வர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா?" என்றார் அடைக்கலம். கேட்டதுமே தன் நெஞ்சு லேசானதை அவர் உணர்ந்தார். ஒரு மாதம். ஒரு மாதத்துக்கு யாரும் ஏன் போகவில்லை என்று கேட்கமாட்டார்கள். தானும் தன்னைக் கேட்க வேண்டியதில்லை. அந்த நிம்மதி தன் முகத்தில் தெரிந்துவிட்டதோ என்று மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடைக்கலம் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணும் பாதகமில்லை மாஸ்டர். அவனே எழுதிட்டான். முந்தாநேத்து வந்தது. பாருங்க."

மாஸ்டர் வாங்கிப் படித்தார். "இனி அவசரம் இல்லை. நிதானமாக வா." அவ்வளவுதான். கீழே பக்கிரிசாமி என்று பெயர்.

மாஸ்டர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"முன்னாடி வந்த கார்டைக் காட்டினீங்களே. அதுல எழுத்து கோணல்மாணலா இருந்துச்சு."

"ஆமா."

"இது முத்து முத்தா இருக்கு."

"அவன் மருமக எழுதியிருப்பா."

"மருமக ஏன் எழுதுது?"

வெளியே ஒரு மினிபஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

கார்டு வந்த நிமிடமே அவருக்குத் தெரியும். தபால்காரர் கொடுத்ததும், அந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரியும், மிச்சமிருந்த கண்ணும் போய்விட்டதென்று. தெரிந்ததைத் தெரியாததுபோல் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கீரனூர் சாலையில் சும்மா ஓட்டிப் பார்க்கப் போனேன் என்று மாஸ்டரிடம் சொன்னது பொய். வீட்டில் உட்கார முடியாமல் போனார். கோடியக்கரைக்கு எதிர்த்திசையில் போனார்.

அவர் கடை வாசற்படியில் உட்கார்ந்தார்.

"பதினஞ்சு மாசம் மாஸ்டர். பதினஞ்சு மாசம் அவன் ஒத்தைக் கண்ணை வச்சிக்கிட்டு வாசலைப் பார்த்திருக்கான். நான் இங்க பச்சை விளக்கைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

மாஸ்டர் தீர்ந்துபோன பேட்டரியை எடுத்துச் சார்ஜரில் மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மூணு மணிக்கு நிறைஞ்சிடும்" என்றார்.

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தானே போகும்?"

"முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல எந்த ஊரு?"

அடைக்கலத்துக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கீரமங்கலம். பூ மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை இருக்கு. வெளியிலயே பிளக் இருக்காம். போன் போட்டு விசாரிச்சு வச்சிருக்கேன். தங்கிறதுக்கும் ஒரு இடம் சொன்னாங்க."

"அதுக்கடுத்து?"

"பட்டுக்கோட்டை. அதுக்கடுத்து முத்துப்பேட்டை. எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருக்கேன்."

"நடுவுல நின்னுட்டா?"

"மிதிச்சுத்தான் போகணும்" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "மெதுவாப் போனா போயிடலாம்."

சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்தார். பைகள் இரண்டும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன. வாங்கிய நாளிலிருந்து கழற்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா எதுக்கு மாஸ்டர்? என் மூஞ்சியைக் காட்டுன்னுதான் கேட்டான். வேற ஒண்ணும் கேக்கலை. இப்ப நான் போய் அவன் முன்னால நின்னா, நிக்கிறது ஆளா தூணான்னு அவனுக்குத் தெரியாது. என்னத்தைக் காட்டப் போறேன்? இனிமே நான் போய் என்ன?"

மாஸ்டர் எழுந்து உள்ளே போனார். மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து துழாவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சைக்கிள் மணி இருந்தது. மூடியில் துரு புள்ளி புள்ளியாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதைத் தேய்த்தார். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அடைக்கலத்தின் வண்டியில், ஹாரன் பொத்தான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கைப்பிடிக் கம்பியில் வைத்துத் திருகாணியை முடுக்கினார். ஆட்டிப் பார்த்து இன்னொரு சுற்று முடுக்கினார்.

"அந்த ரெண்டு நாளும் அவர்தானேண்ணே முன்னால போனாரு?"

"ஆமா. அவன்தான் முன்னால."

"உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா ஓட்டினாரு?"

சொல்லிவிட்டு மாஸ்டர் மணியை இரண்டு முறை அடித்தார். கையை எடுத்துக்கொண்டு, தள்ளி நின்றார்.

அடைக்கலம் படியில் உட்கார்ந்தபடியே இருந்தார். சார்ஜரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு எழுந்து வந்தார். கட்டைவிரலை மணியின்மேல் வைத்து, ஒரு முறை அடித்தார்.